கிணற்றை இறைத்தால் பெற்றோல் போகாது: திருகோணமலை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் தலைவருக்கும், மாவட்டச் செயலாளருக்கும், அந்த மேசையைச் சுற்றி உட்காரும் எல்லாத் திணைக்களத்தாருக்கும் வணக்கம்.

திருகோணமலையில் எண்ணெய்த் தாங்கி என்று வாயெடுத்தாலே எல்லாருக்கும் சீனக்குடாதான் நினைவுக்கு வரும். வெள்ளைக்காரன் கட்டிய குதங்கள், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியத் தாக்குதலில் எரிந்த தாங்கி, 2022 ஜனவரி ஒப்பந்தத்தில் 14 தாங்கி லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 கூட்டுக் கம்பனிக்கு என்று பிரித்த கணக்கு, இதையெல்லாம் தேநீர்க்கடையில் இருக்கிறவரும் மனப்பாடமாகச் சொல்லுவார். அவை நிலத்துக்கு மேலே நிற்பவை. ஒழுகினால் யாராவது ஒருவர் கண்ணில் படும். நான் எழுத வந்தது வேறு தாங்கிகளைப் பற்றி. வீதியோரத்துப் பெற்றோல் செட்டின் சீமெந்துத் தரைக்குக் கீழே புதைந்து கிடப்பவை. ஜெனரேட்டருக்கென்று வளவுக்குள் டீசலைப் புதைத்து வைத்திருக்கும் இடங்கள் இருந்தால் அவையும் இதில் சேர்த்திதான்.

நான் தண்ணீர் மோட்டர் திருத்துகிறவன். உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, குச்சவெளி என்று கடலோரம் முழுக்கக் கிணற்றடிதான் எனக்கு வேலைத்தலம். படித்த நிபுணன் இல்லை. ஆனால் எந்தக் கிணறு எப்போது எப்படி மாறுகிறது என்பது உங்களுக்கு முன்னமே எங்களைப் போன்றவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

மாவட்டத்தில் ஒரு இடம். ஊரையும் செட்டையும் இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு முதலாளியைச் சந்தியில் நிறுத்துவதற்கு இந்த மடலை எழுதவில்லை. மோட்டர் தண்ணீர் இழுக்கவில்லை என்று கூப்பிட்டார்கள். குழாயின் அடியில் தண்ணீருக்குள் நிற்கும் புட்வால்வைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே இருந்த ரப்பர் ஊதிப் பிசுபிசுத்து, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கமாட்டேன் என்று வெளியே பிதுங்கி நின்றது. வாளியில் அள்ளிய தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம். இரும்புச் சத்து உள்ள கிணறுகளிலும் இப்படி ஒரு மினுக்கம் வரும், அதனால் ஈர்க்குச்சி ஒன்றால் கீறிப் பார்த்தேன். இரும்புப் படலம் என்றால் ஓடு உடைந்தமாதிரித் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நிற்கும். இது பிரிந்த வேகத்திலேயே மறுபடி ஒன்றுகூடியது. எண்ணெய்தான். மணமும் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் செட்.

வீட்டுக்காரர் முறைப்பாடு கொடுத்தார். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், வராமல் இல்லை. என்ன சொன்னார்கள்? கிணற்றை இறைத்து விடுங்கள், பிறகு பிளீச்சிங் பவுடர் போடுங்கள், ஒரு கிழமை குடிக்காமல் விடுங்கள், சரியாகிவிடும். இறைத்தார்கள். இறைத்த தண்ணீரைக் குழாய் எட்டிய தூரம்வரை கொண்டுபோய் அதே வளவின் பின்பக்கம் தென்னையடியில் விட்டார்கள். மணல் நிலம், விட்ட தண்ணீர் நின்ற இடத்திலேயே இறங்கிப் போனது. எங்கே போயிருக்கும்? எடுத்த இடத்துக்குத்தான். மணம் குறைந்தது உண்மை. ஐப்பசி மழை விழுந்து நீர்மட்டம் ஏற, முன்னையதைவிட மோசமாகத் திரும்பி வந்தது. பக்கத்து வீட்டுக் கிணற்றிலும் வந்தது.

உங்களிடம் நான் கேட்கும் முதல் விஷயம் இதுதான்: பெற்றோல் மணக்கும் கிணற்றை இறைக்கச் சொல்லும் பழக்கத்தை இந்த மாவட்டத்தில் நிறுத்துங்கள்.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாத் தவறும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. எங்கள் கடலோர மணலுக்குள் நன்னீர் தனியாக இல்லை. கீழே உப்புநீர், அதன் மேல் மழையால் சேர்ந்த நன்னீர் மிதந்து நிற்கிறது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இதை நாங்கள் நன்றாகவே படித்துக்கொண்டோம். அலை போன கையோடு நல்ல மனதோடுதான் கிணறு கிணறாக இறைத்தார்கள். அடி ஒட்ட இறைத்த பல கிணறுகளில் கீழே கிடந்த உப்பு மேலே ஏறியது. அடுத்தடுத்த மாரி மழைதான் உப்பைக் கழுவியது, மோட்டர் இல்லை. இப்போது அதே நிலத்தில் பெற்றோலைச் சேர்த்துப் பாருங்கள். அது தண்ணீரைவிடப் பாரம் குறைவு, நன்னீரின் மேல் மிதக்கும். வேகமாக இறைத்தால் கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் குழிவாகும். செட்டடியில் நிற்கும் பெற்றோல் அந்தப் பள்ளத்தை நோக்கி நகரும். அதேநேரம் கீழிருந்து உப்பும் ஏறும். மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று, நடுவில் இருந்த நல்ல தண்ணீரை இரண்டு பக்கமும் நாங்களே காசு கொடுத்துக் கெடுக்கிறோம்.

நீர்மட்டம் ஏறி இறங்குவதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. கோடையில் தண்ணீர் கீழே இறங்கும்போது மிதக்கும் பெற்றோலும் கூடவே இறங்கி, போகிற வழியெல்லாம் மணலில் பூசிக்கொண்டு போகிறது. மாரியில் தண்ணீர் ஏறும்போது பூசிக் கிடந்தது கரைந்து கிணற்றுக்கு வருகிறது. ஆகவே கோடையில் ஒருமுறை சோதித்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கொடுக்கும் அறிக்கைக்கு எங்கள் பக்கத்தில் பெறுமதி குறைவு.

பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும். பெற்றோலை அது ஒன்றும் செய்யாது. காய்ச்சிக் குடியுங்கள் என்பதும் உதவாத யோசனை. காய்ச்சினால் பென்சீன் ஆவியாகி குசினிக்குள்தான் பரவும், காய்ச்சுகிற அம்மாதான் அதைச் சுவாசிப்பார். இன்னொன்று, இதைக் கொட்டை எழுத்தில் போடவேண்டும்: பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, கிணற்றுக்குள் இறங்கி நிற்கும். அப்படியான கிணற்றுக்குள் ஆளை இறக்குவதும், கிணற்றடியில் இஞ்சின் பம்பை இழுத்து ஸ்டார்ட் பண்ணுவதும் உயிரோடு விளையாட்டு.

சரி, மணம் போய்விட்டால் குடிக்கலாமா? கூடாது. பெற்றோலில் உள்ளவற்றில் நாம் அதிகம் பயப்பட வேண்டியது பென்சீன். இரத்தப் புற்றுநோயோடு தொடர்புடையது என்று உறுதியானது. குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். ஆனால் தண்ணீரில் தனிப் பென்சீனின் மணம் மூக்குக்குத் தெரிய வேண்டுமென்றால் ஏறக்குறைய 10 மில்லிகிராம் வேண்டும். ஆயிரம் மடங்கு இடைவெளி. தொலுயீன் போன்ற கூட்டாளிகள் அதற்கு முந்தி மணந்து காட்டிக்கொடுக்கும் என்பது நமது அதிர்ஷ்டம். அவை மணக்காமல் விட்டதும் பென்சீனும் போய்விட்டது என்று நினைத்தால் துரதிர்ஷ்டம்.

அதனால் சோதனை பற்றி. எங்களுக்கு முன்னால் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் இருக்கிறது. 2014, 2015இல் அங்கே கிணறுகளில் மின்நிலையத்துக் கழிவெண்ணெய் கலந்தது என்ற பிரச்சினை வெடித்தபோது ஒரு அறிக்கை இருக்கிறது என்றது, இன்னொரு அறிக்கை பயப்பட ஒன்றும் இல்லை என்றது. சனம் பவுசர் தண்ணீருக்கு வாளியோடு நின்றது. கடைசியில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கொள்கையை வைத்து, மின் உற்பத்திக் கம்பனி 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பெரிய தீர்ப்பு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஏறக்குறைய 500 குடியிருப்பாளருக்குப் பங்கிட்டால் தலைக்கு 40,000 ரூபாய். பொதுநல வழக்கு ஒன்று போட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து கிடைத்தது அது. திருகோணமலையிலும் அப்படி ஒரு வழக்கு வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

சுன்னாகத்தில் எல்லாரும் பேசிய சோதனை 'எண்ணெயும் கிரீசும்'. அங்கே அது பொருந்தும், கலந்ததாகச் சொல்லப்பட்டது கனமான எண்ணெய். பெற்றோல் செட்டுக்கு அந்தச் சோதனை மட்டும் போதாது. அதில் தண்ணீரிலுள்ள எண்ணெயை ஒரு கரைப்பானில் எடுத்து, கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சியதை நிறுப்பார்கள். பெற்றோலின் இலேசான பகுதி கரைப்பானோடு சேர்ந்தே பறந்துவிடும். மிஞ்சியது ஒன்றுமில்லை, ஆகவே தண்ணீர் நல்லது என்று அறிக்கை வரும். செட்டுக்குப் பக்கத்துக் கிணறு என்றால் பென்சீன், தொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் நான்கையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

மாதிரி எடுக்கும் முறையும் முக்கியம். சோடாப் போத்தலில் பாதி நிரப்பி, மோட்டர் சைக்கிள் பெட்டிக்குள் வைத்து, வெயிலில் ஊர் சுற்றிக் கொண்டுபோன மாதிரியில் பென்சீனைத் தேடிப் பயனில்லை. 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பி, விளிம்பு வரை நிரப்பி, தலைகீழாகப் பிடித்தால் ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக்கூடாது, பிறகு ஐஸ் பெட்டி. சோதனைக்காகக் கொழும்பு வரை அனுப்ப வேண்டி வந்தாலும் அந்த ஐஸ் உருகாமல் போய்ச் சேர வேண்டும். இந்தக் குப்பிகளில் ஒரு பெட்டி பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் அலுவலகத்தில் இருந்தால் போதும். பெரிய செலவில்லை. பழக்கம்தான் இல்லை.

அப்புறம், ஒழுகும் தாங்கியை எப்படிக் கண்டுபிடிப்பது? செட்காரர்கள் தினமும் தாங்கிக்குள் அளவுகோல் விட்டு எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கிறார்கள், எங்களுக்கு ஒரு சொட்டுக்கும் கணக்கு இருக்கிறது என்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கோலுக்கு ஒரு எல்லை இருக்கிறது, அவ்வளவுதான். தாங்கிக்குள் 10,000 லீற்றர் பெற்றோல் இருந்து சூடு 5 பாகை மாறினாலே 50 லீற்றருக்கு மேல் கூடும் அல்லது குறையும். ஒரு குழாய் மூட்டில் நாளுக்கு 10 லீற்றர் ஒழுகினால் அது இந்த ஏற்ற இறக்கத்துக்குள் ஒளிந்துகொள்ளும். மாதத்துக்கு 300 லீற்றர், வருடத்துக்கு 3,600க்கு மேல். அமெரிக்காவில் கோல் கணக்கு முறைக்கே மாத விற்பனையின் 1 வீதமும் அதோடு 130 கலனும் வரை வித்தியாசம் விடலாம் என்று விதி வைத்து, அதனாலேயே அந்த முறையைத் தனியாக நம்பாமல் தாங்கிக்குத் தனியாகக் கசிவுச் சோதனை செய்யவும் சொல்கிறார்கள். பெரும்பாலும் ஒழுகுவது தாங்கியின் வயிறும் இல்லை. குழாய், மூட்டு, பவுசர் இறக்கும் வாய். கடற்காற்றும் உப்பு ஈரமும் சேர்ந்த எங்கள் மண்ணில் ஒற்றைத் தகட்டு இரும்பு எத்தனை காலம் தாங்கும் என்பதை நிலாவெளியில் கேற் போட்ட யாரிடமும் கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 1984இல் நிலக்கீழ் தாங்கிகளுக்குச் சட்டம் கொண்டுவந்து தேடத் தொடங்கிய பிறகு அங்கே உறுதியான ஒழுக்குகள் மட்டும் 5 இலட்சத்தைத் தாண்டின. தேடினார்கள், கிடைத்தது. இங்கே கிடைக்கவில்லை என்றால் ஒழுகவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. பணத்துக்கு அவர்கள் செய்த வழி எனக்குப் பிடித்தது: 1986இல், ஒரு கலன் எரிபொருளுக்குச் சதத்தில் பத்தில் ஒரு பங்கு என்று வரி வைத்து ஒரு நிதியம். காரணமானவர் யார் என்று தெரியாத இடத்திலும், கொடுக்க வக்கில்லாத இடத்திலும் அதிலிருந்து வேலையைத் தொடங்கலாம். நம்மூரில் லீற்றருக்கு 10 சதம் என்று வைத்தால் பவுசர் 6,600 லீற்றர் இறக்கும் ஒரு தடவைக்கு 660 ரூபாய். அது கொழும்பில் தீர்மானிக்கவேண்டிய விஷயம், தெரியும். மாவட்டக் கூட்டத்தின் அறிக்கையில் ஒரு பரிந்துரையாக எழுதி அனுப்புவதற்கு யாரும் தடை இல்லையே.

சுத்திகரிப்பு என்றால் என்ன என்பதையும் பேசிவிடுவோம், ஏனென்றால் இதைக் கேட்டதும் "அதெல்லாம் வெளிநாட்டு வேலை" என்று கையை விரிக்கிறார்கள். முதலில் ஒழுக்கை நிறுத்தி, தாங்கியை வெறுமையாக்க வேண்டும். ஒழுகிக்கொண்டிருக்க மண்ணைக் கழுவுவது எந்த ஊர் நியாயம்? அடுத்து, செட்டுக்கும் வீடுகளுக்கும் இடையில் சில ஒடுக்கமான கண்காணிப்புக் குழாய்க் கிணறுகள் அடித்து, எந்தத் திசையில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மிதக்கும் பெற்றோலை அந்தக் குழாய்களில் மெதுவாக மேலால் வழித்து எடுக்கலாம். மணலில் பூசிக் கிடப்பதை எடுக்க, நீர்மட்டத்துக்கு மேலே துளையிட்ட பீவீசி குழாய்களைப் புதைத்து, ஊதுகருவியை மறுபக்கமாகப் பூட்டி ஆவியை உறிஞ்சி, கிளர்வூட்டிய கரி நிரப்பிய பீப்பாய் வழியாக விடுவார்கள். இந்த முறைக்கு மணலைவிட நல்ல மண் கிடையாது. களியில் காற்று ஓடாது, எங்கள் மணலில் ஓடும். தேவைப்பட்டால் நீர்மட்டத்துக்குக் கீழேயும் காற்றை ஊதி, கரைந்திருப்பதை மேலே கிளப்பலாம். டீசல் இப்படி இலகுவில் ஆவியாகாது. அதற்குக் காற்றும் பொறுமையும் கொடுத்தால் மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லத் தின்னும்.

இதில் எங்கள் பருவகாலம் ஒரு கட்டளை போடுகிறது. வாடை மழை தொடங்கி நீர்மட்டம் மேலே வந்துவிட்டால் உறிஞ்சுவதற்கு உலர்ந்த மணலே மிஞ்சாது. சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில்தான் அந்த வேலை நடக்க வேண்டும். ஆவணியில் முறைப்பாடு வந்து, கடிதம் கடிதமாகப் போய், கார்த்திகையில் அனுமதி கிடைத்தால் ஒரு வருடம் போனதற்குச் சமம்.

பழைய தாங்கியைத் தோண்டி எடுக்கும்போது வெளியே வரும் மணலையும் கவனியுங்கள். இலவச மணல் என்றால் எங்கள் ஊரில் உழவு இயந்திரம் தானாக வந்து நிற்கும். பள்ளக்காணி நிரப்பவும் வீட்டு அத்திவாரத்துக்கும் அது போய்விட்டால், ஒரு இடத்தில் இருந்த கிணற்றுப் பிரச்சினை நான்கு இடத்தில் முளைக்கும். அந்த மணலைக் கீழே தடித்த பொலித்தீன் விரித்துக் குவித்து, மழை படாமல் மூடி, காற்றோட்டம் கொடுத்து, சோதித்த பிறகுதான் விடவேண்டும்.

இப்போது உங்கள் மேசையில் உள்ள அதிகாரத்துக்கு வருகிறேன். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது, எரிபொருள் நிலையங்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இருக்கிறது, அது காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படுகிறது. புதுப்பிக்கும்போது என்னென்ன தாள் கேட்கிறீர்களோ, அவற்றோடு தாங்கியின் வயது, ஒற்றைச் சுவரா இரட்டைச் சுவரா, கடைசியாக எப்போது கசிவுச் சோதனை செய்தது என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் இல்லாதவருக்குக் கால அவகாசம் கொடுங்கள். முடிவே இல்லாத அவகாசம் வேண்டாம். மாவட்டத்தில் மூடிக் கிடக்கும் பழைய செட்களையும் அந்தப் பட்டியலில் போடுங்கள். ஆள் இல்லாத செட்டின் தாங்கிக்குத்தான் யாரும் கோல் விடுவதில்லை.

இதற்கு இப்போது அவசரம் வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2023 முதல் சினோபெக் போன்ற புதிய கம்பனிகள் சில்லறை விற்பனைக்கு வந்து, நாடு முழுக்கச் செட்களின் பெயர்ப்பலகை மாறிக்கொண்டிருக்கிறது. பலகை மாறுகிறது, பெயின்ற் மாறுகிறது. கீழே கிடக்கும் தாங்கியும் அதன் சுற்று மண்ணும் யாருடைய பொறுப்பில் மாறுகிறது? கைமாறும் நாளில் நான்கு மூலையில் மண்ணும் தண்ணீரும் எடுத்துச் சோதித்து வைத்தால், பிறகு ஒழுக்கு தெரியவரும்போது பழையவர் புதியவரைக் காட்ட, புதியவர் பழையவரைக் காட்ட, கிணற்றுக்காரர் நடுவில் நிற்கும் நிலை வராது. உண்மையில் இது செட் முதலாளிக்கும் பாதுகாப்பு. தான் செய்யாத வினைக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்காது.

குழாய்நீர் வந்துவிட்டதே, இனிக் கிணறு எதற்கு என்று ஒரு அதிகாரி என்னிடம் கேட்டார். கந்தளாய்த் தண்ணீர் வந்த இடங்களிலும் குளிப்பது, தோய்ப்பது, மாட்டுக்கு வைப்பது எல்லாம் கிணற்றில்தான். நிலாவெளிப் பக்கம் சின்ன வெங்காயத்துக்கு விடிய விடிய ஓடுவது கிணற்று மோட்டர். பில் வருகிற தண்ணீரை வெங்காயப் பாத்திக்கு விட்டால் வெங்காயத்தை நகைக்கடையில்தான் விற்கவேண்டும்.

கிணறு கெட்ட குடும்பத்துக்கு முதல் நாளிலிருந்தே தண்ணீர் கொடுப்பது யார் என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். பிரதேச சபையா, நீர்வழங்கல் சபையா, செட்காரரா என்று அன்றைக்கு நின்று தேடக்கூடாது. முறைப்பாட்டை எந்த மேசையில் கொடுப்பது என்பதற்கும் ஒரே ஒரு பதில் வேண்டும். அந்த வீட்டுக்காரர் கிராம உத்தியோகத்தரிடம் போனார், பிரதேச செயலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் காட்டினார்கள். அவர் சுற்றாடல் உத்தியோகத்தரைக் காட்டினார். யாரும் கெட்ட மனிதர்கள் இல்லை. ஒவ்வொருவர் கையிலும் கால்வாசி அதிகாரம் இருந்தது.

உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதை ஒரு விடயமாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தாங்கிப் பட்டியலை மாரிக்கு முன்னர் எடுத்து முடித்தால், செட்களுக்குப் பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறத் தொடங்கும்போதே முதல் மாதிரியை எடுக்கலாம். எந்தக் கிணற்றில் எந்த ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது என்று காட்டித்தர என்னைப் போன்ற மோட்டர்காரர்கள் கடலோரம் முழுக்க இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவோம்.

இப்படிக்கு,
தண்ணீர் மோட்டர் திருத்துகிறவன்,
புல்மோட்டை வீதி, திருகோணமலை